நாலு கம்பத்து விலக்கு

குரு என்றதும் நீங்கள் தாடியையும் கமண்டலத்தையும் நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. இந்தக் கதையில் குரு ராமுத்தாய் அக்கா. இரண்டு தடவை எம்.எல்.ஏ., இதுவரை நாலு கட்சி. சிஷ்யன் வெயிலுமுத்து அண்ணாச்சி, மண்வெட்டிக் கட்சியின் ஒன்றியச் செயலாளர். சிஷ்யனுக்குக் குருவைவிட இரண்டு வயது கூட. இருந்தும் அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணாச்சி என்பார். அரசியலில் வயதெல்லாம் அப்படித்தான் ஓடும்.

நான் மைக்செட் சேவியர். எங்கள் பக்கத்தில் யார் மேடை போட்டாலும் குழாய் கட்டுகிறவன் நான்தான். குடைக் கட்சி, தராசுக் கட்சி, மண்வெட்டிக் கட்சி, விசிறிக் கட்சி. சின்னத்தை வைத்துத்தான் இங்கே கட்சியைச் சொல்வோம். நாலுக்கும் ஒரே மைக். திட்டுகிறவர் அதில்தான் திட்டுவார், திட்டு வாங்கினவர் மறுநாள் பதில் சொல்வதும் அதில்தான். அதனால் என் முன்னால் யாரும் எதையும் மறைப்பதில்லை. மைக்செட்காரனிடம் என்ன வெட்கம்?

அன்றைக்குப் புதன்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். வெயிலுமுத்து அண்ணாச்சி என் கடை வாசலில் வந்து நின்றார்.

"சேவியரு, உன் வண்டியில என்னை அக்கா வீட்டுல கொண்டுபோய் விடு."

"உங்க காரு என்னாச்சு?"

"கொடி கட்டின காரு. விசிறிக் கட்சிக்காரவுக வாசல்ல நின்னா சாயங்காலப் பேப்பர்ல வந்துராது?"

அக்கா இப்போது இருப்பது விசிறிக் கட்சி.

என்னுடையது லோடு ஆட்டோ. முன்னால் உட்கார்ந்தால் ஆள் தெரியும் என்று அண்ணாச்சி பின்னால் ஏறிக்கொண்டார். இரண்டு குழாய்க்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில், இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியோடு. வண்டி ஒவ்வொரு வேகத்தடையில் ஏறும்போதும் "ஏலே, மெதுவா!" என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தத்திலேயே பாதி ஊருக்கு ஆள் யாரென்று தெரிந்துபோயிற்று. நான் சொல்லவில்லை, பாவம்.

அக்கா முற்றத்தில் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். சொந்தக் காட்டு மிளகாய், சாக்கில் குவித்திருந்தது. அண்ணாச்சி வணக்கம் சொல்வதற்குள் மூன்று தும்மல் போட்டுவிட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி. முகத்தை அந்தப் பக்கம் வச்சுக்கிடுங்க. சேவியரு, நீயும் உக்காரு. என்ன, குழாயோட குழாயா வந்து எறங்குறீக?"

"முக்கியமான விசயம் அக்கா."

"சொல்லுங்க."

"உங்க கட்சிக்கு வாரேன்."

அக்காவின் கை நிற்கவில்லை. காம்பு ஒரு பக்கம் விழுந்தது, வத்தல் ஒரு பக்கம் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை சேரப்போறேன். உங்க மாவட்டச் செயலாளர்கிட்ட பேசியாச்சு. முந்நூறு பேரோட வாங்க, வர்ற தேர்தல்ல ஒன்றியச் சேர்மனுக்கு நீங்கதான்னு சொல்லிட்டாரு. பத்து வேன் பேசிட்டேன்."

"அப்படியா?"

"இருபத்திரெண்டு வருசம் அக்கா. மண்வெட்டி மண்வெட்டின்னு கத்திக் கத்தியே தொண்டை போச்சு. மூணு தடவை எனக்கு வரவேண்டியதைத் தூக்கி வேற ஆளுக்குக் குடுத்தாங்க. போன தடவை நேத்து வந்தவனுக்கு. எனக்கு அறுபத்திரெண்டு ஆச்சு. இதை விட்டா இன்னொண்ணு கிடையாது அக்கா. கடைசி பஸ்ஸு இது."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் மனசு கஷ்டமாகப் போயிற்று. அந்த இருபத்திரண்டு வருஷமும் அவர் கூட்டத்துக்கு மைக் கட்டினவன் நான். ஒரு நாள்கூட அவர் கூட்டத்துக்குப் பிந்தி வந்து பார்த்ததில்லை.

"முடிவுதான் பண்ணிட்டீகளே. எங்கிட்ட எதுக்கு வந்தீக?"

"பேரு அக்கா. பேருக்குத்தான் பயமா இருக்கு."

"என்ன பேரு?"

"நாலு கம்பத்து விலக்குல கல்லுல என் பேரு கிடக்கு. வெள்ளிக்கிழமை நான் விசிறிக்குப் போனா, சனிக்கிழமை விடியுமுன்ன அது மேல தாரை ஊத்திருவானுக. பச்சோந்தின்னு எழுதிருவானுக. எம் பேத்தி தினமும் அந்த வழியாத்தான் காலேசுக்கு பஸ் ஏறுது." வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "உங்க பேரு நாலு கல்லுலயும் இருக்கு. ஒருத்தனும் தொடல. அதுல ஏதோ சூட்சுமம் இருக்கு. அதை எனக்குச் சொல்லித் தாங்க. இன்னையிலேருந்து நீங்கதான் எனக்குக் குரு."

"ஆத்தாடி, குருவா!" அக்கா சிரித்துவிட்டார். சிரித்ததில் அவருக்கே ஒரு தும்மல் வந்தது.

விலக்கைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். மெயின் ரோட்டிலிருந்து வேப்பங்காட்டூருக்குப் பாதை பிரிகிற இடம் அது. நாலு கட்சிக் கொடிக்கம்பமும் அங்கே வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கம்பத்துக்கும் அடியில் சிமெண்ட் மேடை, மேடையில் ஒரு கல்வெட்டு. கொடி ஏற்றி வைத்தவர் பெயர் அதில் இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒருவர் கட்சி மாறினால் முதல் அடி அந்தக் கல்லுக்குத்தான். சாணி அடிப்பார்கள், தார் ஊற்றுவார்கள், பெயரைக் கொத்தி எடுப்பார்கள். ராமுத்தாய் அக்கா பெயர் மட்டும் நாலு கல்லிலும் வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கினால், "நாலு பேரும் ஒரே ஆளா, வேற வேற ஆளா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

டீக்கடைக்காரர் பரஞ்சோதி அதற்கு ஒரு கதை சொல்வார். எனக்கு அது தெரியும். வெயிலுமுத்து அண்ணாச்சிக்குத் தெரியாது. கல் வைத்த நாளுக்கு அப்புறம் அவர் கார் அந்த விலக்கில் நின்று நான் பார்த்ததில்லை.

"முந்நூறு பேரு யாரு அண்ணாச்சி?" என்றார் அக்கா.

"நம்ம ஆளுகதான். முதல் பேரே கொத்தனார் சுடலை. என் வலது கை. கிணத்துல குதின்னா குதிப்பான்."

"அவன்கிட்ட கேட்டீகளா?"

"சுடலைகிட்ட என்னத்த கேக்கிறது? வேன் வந்து நின்னா ஏறிக்கிடுவான்."

அக்கா அடுத்த வத்தலை எடுத்தார்.

"நீங்க மாறும்போது மட்டும் ஏன் அக்கா ஒத்தையாவே போனீக? எங்க மண்வெட்டியில எட்டு வருசம் உங்க பின்னால சுத்தினவன் நான். போகும்போது என்னைக்கூட வான்னு கூப்பிடல."

"சினிமாவுக்குப் போறதுன்னா துணைக்கு ஆள் கூப்பிடலாம்."

"வெளையாடாதீக அக்கா."

"வெளையாடல. நீங்க அங்க நல்லா இருந்தீக. நல்லா இருக்கிற மனுசனை எதுக்குக் கிளப்பணும்?"

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, ஒவ்வொரு தடவையும் எதுக்கு மாறுனீக? அதையாவது சொல்லுங்க."

"குடையிலேருந்து கோவத்துல போனேன். எங்க ஊருக்கு எழுதியிருந்த மாட்டாஸ்பத்திரிய ஒரு மந்திரி தன் மாமனார் ஊருக்குத் தூக்கிட்டுப் போனாரு. பொதுக்குழுவுல எந்திரிச்சுக் கேட்டேன். உக்காருன்னாங்க. உக்காரல."

"தராசுலேருந்து?"

"ஆசையில போனேன். சீட்டு கேட்டேன், தரல. மண்வெட்டி தாரேன்னுச்சு. போய்ட்டேன்."

"அக்கா! அதையெல்லாம் வெளிய சொல்லலாமா?"

சொன்னாரே! என் மைக்கில்தான் சொன்னார். மண்வெட்டிக் கட்சி மேடையில் ஏறி முதல் வார்த்தையே, "எனக்குச் சீட்டு வேணும்னு ஆசை, அதுக்குத்தான் வந்திருக்கேன். கொள்கைக்காக வந்தேன்னு சொன்னா என் வாய் அழுகிப்போகும்" என்றார். மேடையில் இருந்த தலைவர்களுக்கு முகம் செத்துப்போயிற்று. கீழே ஜனம் கை தட்டி ஓயவில்லை. மைக்செட்காரன் எந்தக் கட்சிக்கும் கை தட்டக்கூடாது, அது தொழில் மரியாதை. அன்றைக்கு நானும் தட்டினேன்.

அதற்கு முன்னால் தராசில் சேர்ந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் கூட்டம். ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளிவிட்டு, முடிக்கும்போது கையைத் தூக்கி, "ஆகவே தாய்மார்களே, உங்கள் பொன்னான வாக்குகளைக் குடைச் சின்னத்தில்" என்று சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் சொன்ன வாய், பழக்கத்தில் வந்துவிட்டது. மேடை அப்படியே விறைத்துப்போயிற்று. வேடிக்கை பார்க்க வந்திருந்த குடைக்காரர்கள் விசில் அடித்தார்கள். நான் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைக்கக் கையை வைத்தேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று சைகை காட்டினார்.

"பதினெட்டு வருசம் குடை குடைன்னு கேட்ட வாய் இது. ஒரே வாரத்துல மறந்துருச்சுன்னா அந்த வாயை நீங்க நம்பாதீக. தராசுக்கு இன்னும் பழகல. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க."

விசில் அடித்தவனே கை தட்டினான். நான் எத்தனையோ பேச்சாளர்களுக்கு மைக் பிடித்திருக்கிறேன். தப்பாகச் சொன்னதை வைத்தே ஜனத்தை ஜெயித்த ஆள் இவர் ஒருத்தர்தான்.

"எங்க மண்வெட்டியிலேருந்து எதுக்குப் போனீகன்னு எனக்கே தெரியும்," என்றார் அண்ணாச்சி.

"தலைவர் செத்த மூணாம் நாளு மகனும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் ஆபீஸ் பூட்டை ஒடைச்சாங்க. அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"சரி அக்கா. கோவம், ஆசை, வெறுப்பு, எல்லாம் எனக்கும் இருக்கு. ஆனா தார் எம் மேலதான் விழும். உங்க மேல விழாது. அந்தச் சூட்சுமம் என்ன?"

அக்கா மடியில் இருந்த காம்பை உதறிவிட்டு எழுந்தார். கையைக் கழுவினார்.

"வாங்க, விலக்குக்குப் போவோம்."

"இப்பவா? இன்னைக்குப் புதன் சந்தை அக்கா. ஊரே அங்கதான் நிக்கும்."

"அதான் இன்னைக்கே போவோம்கிறேன்."

அக்கா எனக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அண்ணாச்சி பழையபடி குழாய்களுக்கு நடுவில். எனக்கு ஒன்று மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை முந்நூறு பேர் விசிறிக்கு வந்தால் அது அக்காவுக்குத்தானே பலம்? பேசாமல் மாலையை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதானே? எதற்கு இந்த வேலை?

விலக்கில் நல்ல கூட்டம். வெண்டைக்காய், கருவாடு, பிளாஸ்டிக் குடம். பரஞ்சோதி கடை பெஞ்சில் கொத்தனார் சுடலை டீ குடித்துக்கொண்டிருந்தான். காலடியில் அவன் சாமான் பை. வண்டியிலிருந்து அக்கா இறங்கியதும் எழுந்து கும்பிட்டான். குழாய்களுக்கு நடுவிலிருந்து அண்ணாச்சி இறங்கியதும் மறுபடி கும்பிட்டான்.

அக்கா குடைக் கட்சிக் கம்பத்துக்குப் போனார். மேடைக் கல்லில் 'கொடியேற்றியவர்: பெ. ராமுத்தாய்' என்று இருந்தது. பெயரின் முதல் எழுத்தில் ஒரு குழி.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "அக்கா, இங்க எவனோ கொத்தியிருக்கான்!"

"எவனோ இல்ல. நான்தான்."

"நீங்களா?"

"கட்சிய விட்டுப் போறேன்னு முடிவு பண்ணின மறுநாள், காலையில பத்து மணிக்கு உளியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டு வந்தேன். இனிமே நான் உங்க ஆள் இல்ல, என் பேரை நானே எடுத்துட்டுப் போயிருதேன்னு சொல்லிட்டுக் கொத்துனேன்."

பாய்லருக்குப் பின்னாலிருந்து பரஞ்சோதி எட்டிப் பார்த்தார். அவர் அப்போதும் குடைக் கட்சிக் கிளைச் செயலாளர், இப்போதும் அதேதான்.

"நான் முகத்துக்கு நேரா காறித் துப்பினேன் அண்ணாச்சி," என்றார் அவர். "அவ்வளவு கோவம். அக்கா தொடைச்சுக்கிட்டு ஒரு கொத்து கொத்துனாக. ரெண்டாவது கொத்துக்குக் கை ஓங்குனப்ப எனக்கு என்ன ஆச்சோ தெரியல, ஓடிப்போய்க் கையைப் பிடிச்சுட்டேன். பேரு உங்க பேரா இருக்கலாம், கல்லு எங்க கல்லு, உளியைக் கீழ போடுங்கன்னேன்."

"அதுக்கப்புறம் அக்காவுக்கு ஓட்டுப் போட்டீரா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஒரு தடவைகூடப் போடல. குடைக்குத்தான்."

"எனக்குத் தெரியும்," என்றார் அக்கா. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஆனா எவனாவது இந்தக் கல்லைத் தொட்டுப் பாக்கட்டும்," என்றார் பரஞ்சோதி. கரண்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

அடுத்தது தராசுக் கட்சிக் கல். அதில் 'முத்தாய்' மட்டும்தான் இருந்தது. முன்னால் இருந்த எழுத்தெல்லாம் போய்க் கரடுமுரடாகக் கிடந்தது.

"இங்க என்னக்கா, இவ்வளவு போயிருக்கு?"

"ரொம்ப நேரம் யாரும் பிடிக்க வரல. ஆசைப்பட்டுப் போறவதானே? கை வலிச்சுது. கண்ணு கலங்கிருச்சு. நிப்பாட்டவும் மனசில்ல. கொத்திக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம்?"

"போஸ்டர் ஒட்டுற செல்லக்கனி பசைவாளியோட வந்தா. போதும் அக்கா, மிச்சம் எங்களுக்கு வேணும்னா."

அக்கா அந்தக் கல்லை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். அப்போது அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மண்வெட்டிக் கட்சிக் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. 'கொடியேற்றியவர்: பெ. ராமுத்தாய். முன்னிலை: சு. வெயிலுமுத்து.' இரண்டு பெயரும் நேற்று வெட்டினதுபோல இருந்தன.

"இதுல கொத்தலையா?"

"வீட்டு உளி மொன்னையாப் போச்சு. சுடலைகிட்ட உளி கேட்டேன். தரமாட்டேன்னுட்டான்."

"இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாதே?"

"நீங்க அன்னைக்குச் சென்னையில புதுத் தலைவர் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தீக."

அண்ணாச்சி மூன்று கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இவ்வளவுதானா! நாமளே கொத்தணும். நாம கையை ஓங்குனா அவனுக வந்து பிடிச்சுக்கிடுவானுக. அப்புறம் ஒரு பயலும் தார் ஊத்த மாட்டான். இது தெரியாம ராத்திரி பூரா தூங்காமக் கிடந்தேனே அக்கா!"

அக்கா கல்லைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார். எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

"சுடலை!" அண்ணாச்சி கூப்பிட்டார். "உன் உளியையும் சுத்தியலையும் கொண்டா."

சுடலை டீயைப் பாதியில் பெஞ்சில் வைத்தான். பையைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தான். கைலியில் துடைத்தான். கொண்டுவந்து அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

அக்கா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணாச்சி பார்க்கவில்லை.

"சேவியரு, மைக் இருக்கா?"

"மைக் வேண்டாம் அண்ணாச்சி," என்றார் அக்கா.

அண்ணாச்சி துண்டை இறுக்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க! நான் மண்வெட்டிக் கட்சிய விட்டுப் போறேன். இருபத்திரெண்டு வருசம் உழைச்சேன். இனிமே என் பேரு இங்க வேண்டாம். நானே எடுத்துருதேன்!"

சந்தைக்கு வந்த ஜனம் திரும்பிப் பார்த்தது. கீரைக்கட்டோடும் கருவாட்டுப் பையோடும் சுற்றி வந்து நின்றது. அதில் மண்வெட்டிக்காரர்களே இருபது முப்பது பேர் இருப்பார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகம்.

அண்ணாச்சி தன் இனிஷியல் மேல் உளியை வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கின கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அடித்தார். கல் தூள் பறந்தது.

யாரும் வரவில்லை.

இரண்டாவது அடி அடித்தார். ஓரக்கண்ணால் பார்த்தார். முன்வரிசையில் நின்ற ஒருவர் கருவாட்டுப் பையைக் கை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்றாவது அடியில் இனிஷியல் பெயர்ந்து விழுந்தது. அண்ணாச்சிக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. சுடலையைப் பார்த்தார். நேராகவே பார்த்தார்.

சுடலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். அண்ணாச்சியின் கையைப் பிடித்தான். அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது.

"பாத்தீகளா அக்கா!" அண்ணாச்சி கண்ணில் தண்ணீர். "நான் சொன்னேன்ல, என் வலது கைன்னு!"

சுடலை அவர் கையிலிருந்து உளியைப் பதமாக வாங்கினான்.

"இப்படிப் பிடிச்சா கையில அடிச்சுக்கிடுவீக அண்ணாச்சி," என்றான். "கல்லும் விரிஞ்சிரும். அக்கா பேரும் இதே கல்லுலதானே இருக்கு? நீங்க எந்திரிங்க. நானே சுத்தமா எடுத்துத் தாரேன்."

அண்ணாச்சி அவன் தோளைப் பிடித்தார்.

"சுடலை," என்றார் அண்ணாச்சி. "வெள்ளிக்கிழமை வேன்ல நீதானடே முதல் ஆளு?"

"என்ன வேன் அண்ணாச்சி?"

அண்ணாச்சி சுத்தியலைக் கீழே வைத்தார். சுடலைக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"போன வருசம் நம்ம கட்சி ஆபீஸ் மாடி பூசும்போது சாரத்துலேருந்து விழுந்தேன்ல. நாலு மாசம் படுத்துக் கிடந்தேன்."

"ஹார்லிக்ஸ் குடுத்துவிட்டேனேடே!"

"ஆமா அண்ணாச்சி. ஹார்லிக்ஸ் வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். குரலில் ஒரு கோபம் கிடையாது. கோபப்பட்டிருந்தால்கூட அண்ணாச்சிக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அண்ணாச்சி அந்த மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியெல்லாம் கல் தூள். கூட்டம் மெல்லக் கலைந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அடித்தே இருப்பேன்.

அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னாள் எம்.எல்.ஏ., அந்தத் தூளில் அப்படியே உட்கார்ந்தார். சுடலையைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவன் உளியைக் கீழே வைத்தான்.

"யாரும் பிடிக்கலையே அக்கா," என்றார் அண்ணாச்சி.

"பாத்தேன்."

"உங்களுக்கு மட்டும் பிடிச்சாங்களே."

"பிடிக்காம இருந்திருந்தா நான் போயிருக்க மாட்டேன் அண்ணாச்சி. அது தெரிஞ்சுக்கிடத்தான் உளியை எடுத்தேன்."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப என்னையும் யாராவது பிடிச்சிருந்தா?"

"இன்னைக்கே நானே உங்களை எங்க கட்சி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"பிடிக்கலையே."

"அப்ப உங்களுக்கு இங்க இன்னும் வேலை கிடக்கு."

அண்ணாச்சி கீழே கிடந்த கல் சில்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அது அவருடைய இனிஷியல்தான்.

"சேர்மன் பதவி போயிருமே அக்கா."

"போயிரும்."

"எனக்கு வயசு ஆயிருமே."

அக்கா அவர் தோளில் இருந்த தூளைத் தட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, சுடலை டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சு வந்தான். அது ஆறிப்போயிருக்கும். பரஞ்சோதிகிட்ட ரெண்டு டீ சொல்லிட்டு, அவன் பக்கத்துல போய் உக்காருங்க."